பந்து வந்தால் கண்ணை மூடும் பிள்ளைக்கு என்ன விளையாட்டு?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, இந்த ஜனவரியில்தான் கிரேட் 1 சேர்ந்தான். பந்தைப் போட்டால் முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். அவன் அப்பா சாயங்காலம் டென்னிஸ் பந்தை வைத்துப் பழக்குகிறார், அழுகையில்தான் முடிகிறது. முற்றமும் சரிவு, பந்து ரோட்டுக்கு ஓடிவிடுகிறது. கைக்கும் கண்ணுக்கும் ஒத்திசைவு வர வீட்டிலேயே என்ன விளையாடலாம்?

பதில்: முதலில் அந்த டென்னிஸ் பந்தைக் கொஞ்ச நாள் உள்ளே எடுத்து வையுங்கள், அம்மா. உங்கள் மகனின் கையில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பந்து அவனுக்கு வேகம் அதிகம், பட்டால் வலிக்கவும் செய்கிறது. மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் இரண்டு கையையும் நீட்டி, பந்தை மார்போடு சேர்த்து அணைத்துத்தான் பிடிப்பார்கள். கையால் மட்டும் சுத்தமாகப் பிடிப்பது பலருக்கு ஏழு, எட்டு வயதில்தான் கைகூடும். நடுவில் இருக்கிற இந்த வயதில் முகத்தைத் திருப்புவது சகஜம். வலிக்கும் என்ற பயம் பழகிவிட்டால் மட்டும் அது நீடிக்கும். அதனால் பந்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பலூனில் தொடங்குங்கள். மெதுவாக இறங்குவதால், கண் அதைத் தொடர்ந்து போய் ‘இங்கேதான் விழும்’ என்று கணிக்க நேரம் கிடைக்கிறது. தரையில் விழாமல் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருக்கட்டும். பழைய ஷிஃபான் சேலையில் ஒரு கைக்குட்டை அளவு வெட்டி மேலே வீசிப் பிடிப்பதும் இதே மாதிரிதான். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

அப்புறம் பயறுப் பை. எனக்கு மிகவும் பிடித்த சாமான் இதுதான். பழைய ஜீன்ஸ் துணியில் உங்கள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பை தைத்து, முக்கால் பாகம் காய்ந்த சுகர் பீன்ஸ் பயறோ அரிசியோ போட்டு மூடிவிடுங்கள். முழுக்க அடைத்தால் கட்டியாகிவிடும். தளர்வாக இருந்தால்தான் விரல்களுக்குள் பதிந்து உட்காரும். விழுந்த இடத்திலேயே கிடப்பதால் உங்கள் சரிவு முற்றத்துக்கும் தோதானது.

முதலில் அவனே மேலே போட்டு அவனே பிடிக்கட்டும். எப்போது வரும், எங்கே வரும் என்பது தெரிந்திருப்பதால் பயம் இருக்காது. கண் உயரத்துக்கு மேல் போட வேண்டாம். அது வந்தபின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு, அடுத்து மேலே போட்டு ஒரு தட்டு தட்டிப் பிடிப்பது என்று கூட்டிக்கொண்டே போகலாம். ‘பந்தைப் பார், பந்தைப் பார்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் பெரிய பலன் இல்லை. பையின் ஒரு பக்கம் ‘அ’, மறுபக்கம் ‘ஆ’ என்று மார்க்கரால் பெரிதாக எழுதி, பிடித்ததும் எந்த எழுத்து மேலே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லவாவது கண்ணைத் திறந்து வைத்திருப்பான்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. மூன்று, நான்கு அடி தள்ளி நின்று, கையைக் கீழிருந்து வீசி, மார்புக்கு நேராகப் போடச் சொல்லுங்கள். போடும் முன் ‘வருது’ என்று குரல் கொடுக்கட்டும். சாயங்கால வெயில் பிள்ளையின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பத்து நிமிடம் போதும்; அவன் இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

எறிவதற்கு உங்கள் ஊரிலேயே விளையாட்டு இருக்கிறது. அந்தத் தெருக்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் ‘த்ரீ டின்ஸ்’ ஆட்டத்தைச் சொல்வார்கள். மூன்று காலி டின்களை அடுக்கிப் பையால் அடித்துத் தள்ளட்டும். வலது கைக்காரன் என்றால் இடது காலை முன்னே வைக்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளைகள் அதே பக்கத்துக் காலைத்தான் வைப்பார்கள். சாக்பீஸால் ஒரு பாதம் வரைந்துவிட்டால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம். பத்தில் ஆறேழு முறை படுகிற தூரத்தில் தொடங்கி, பிறகு ஓரடி பின்னால் நகர்த்துங்கள். சரிவை வீணாக்க வேண்டாம்: அவனைக் கீழே நிற்க வைத்து ஒரு பெரிய, மெத்தென்ற பந்தை மேல்நோக்கி உருட்டச் சொல்லுங்கள். திரும்பி வருகிற பந்தைக் குனிந்து எடுப்பதும் நல்ல பழக்கம்தான். ரோட்டுப் பக்கம் கேட் மூடியிருக்கட்டும்.

பாட்டி வீட்டில் இருந்தால் ஐந்தாங்கல் ஆடச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கப் பிள்ளைகள் ஆடும் டிகெட்டோவும் ஏறக்குறைய அதுதான்: வட்டத்துக்குள் கற்கள், ஒரு கல்லை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் மற்றதை வாரி எடுக்க வேண்டும். பள்ளியில் யாராவது ஆடினால் அவனும் சேர்ந்துகொள்ளலாம். ஆறு வயதுக்குக் கல் வேகமாக இறங்கும் என்பதால், மேலே போடுவதற்குப் பயறுப் பையே இருக்கட்டும்.

இதெல்லாம் தடையில்லாமல் வந்தபின் டென்னிஸ் பந்தை வெளியே எடுக்கலாம். அப்போதும் தரையில் ஒருமுறை குத்தி வரும்படிதான் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவன் தலையைச் சாய்த்துப் பார்க்கிறானா, ஒரு கண்ணை மட்டும் மூடுகிறானா, கண் மாறுகண்ணாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் விளையாட்டுக்கு முன் கண் பரிசோதனை. ஒரு கண்ணில் பார்வை மங்கல் இருந்தால், சிறு வயதில் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம். பந்து மட்டுமில்லாமல் பட்டன் போடுவது, கரண்டி பிடிப்பது, படி ஏறுவது எல்லாவற்றிலும் சிரமப்படுகிறான் என்றால், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் காட்டுங்கள்; பரிந்துரைக்கு முதலில் கிளினிக்கிலோ பள்ளி ஆசிரியரிடமோ பேசலாம்.