மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்குக் கோலம் போடுவதால் உண்மையில் பயன் உண்டா? என்ன வரையலாம்?

ரிப்பன் வரைவதாக இருந்தால் பெரிய பயன் இல்லை. வேறு ஏதாவது வரைந்தால் உண்டு.

அக்டோபர் மாதம், மகளிர் குழு, கோலப் போட்டி. தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டு "அழகா போட்டுட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம். எங்கள் குழுவும் இப்படி ஒரு போட்டிக்குப் போனது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சீசனில் மாங்காய் மண்டிக்குத் தரம் பிரிக்கப் போகிறவள். "கோலம் போட்டா கேன்சர் ஓடிடுமா" என்று நக்கல் அடிக்க நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டு அடியுங்கள்.

அன்றைக்கு வந்த கோலங்களில் பெரும்பாலானவை ரோஸ் ரிப்பன்தான். 1990-களில் அமெரிக்காவில் பிரபலமான அடையாளம் அது. தெரிந்தவர்களுக்குப் புரியும். வேடிக்கை பார்க்க வந்த ஆயா ஒருவர் ஒரு ரிப்பனைச் சுற்றிச் சுற்றி வந்து, "மீனா இது?" என்று கேட்டார். அந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்தால் மீன் மாதிரித்தான் இருந்தது, அவர் மேல் தப்பே இல்லை.

எனக்கு ரிப்பன் போடக் கை வராததற்கு வேறு காரணம் இருந்தது. என் பெரியம்மாவுக்கு இந்த நோய் வந்தது. கட்டி இருப்பது அவருக்கு ரொம்ப நாளாகவே தெரியும். "வலி இல்லையே, வலிச்சா சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். தொடக்கத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. பெங்களூர் கிட்வாய்க்குக் கூட்டிப் போனபோது தோல் இழுத்துச் சுருங்கிப் புண்ணாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கேன்சர் என்றால் முதலில் வாயில் வருவது அந்த ஆஸ்பத்திரிதான், அடையாறு தூரம். இதற்கு மேல் பெரியம்மாவைப் பற்றி இங்கே வேண்டாம்.

சரி, நோயின் அறிகுறிகளையே வரையலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் மார்பகத்தை எப்படி வீதியில் வரைவது? எங்கள் குழுவில் ஒரு அக்கா, "மாங்காயாப் போட்டுடு" என்றார். கோலத்துக்கு மாங்காய் புதிதா என்ன? அதுவும் எங்கள் பெண்கள் மண்டியில் மாங்காயைக் கையில் எடுத்ததுமே எங்கே அடிபட்டிருக்கிறது, எங்கே அமுங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

வெளிக்கோடு முழுவதும் எங்கள் குழுவில் இருக்கும் முஸ்லிம் அக்கா போட்டது. மருதாணி கோன் பிடித்துப் பழகிய கை, ஒரு இடத்தில் கூடப் பிசிறவில்லை. கோலம் என்றாலே மதச் சண்டை ஆரம்பிப்பவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

முதல் மாங்காய் நல்ல மாங்காய். அடுத்ததில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு குழி. இன்னொன்றில் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மற்றொன்றில் காம்பிலிருந்து சிவப்புப் பொடியால் ஒரு கசிவு. தோல் தடித்து ஆரஞ்சுத் தோல் போல் புள்ளி புள்ளியாக மாறுவதைக் காட்டத்தான் திணறினோம். கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து ஜாரணி வாங்கி வந்து, நிரப்பிய ரோஸ் பொடிக்கு ஒட்டினாற்போல் பிடித்து, அதன் ஓட்டைகள் வழியாகக் கருஞ்சிவப்பைத் தூவினோம். ஜாரணியை எடுத்ததும் அச்சு அசலாக வந்திருந்தது. ஒரு மாங்காய்க்கு மேல் ஓரமாகச் சின்னப் பிஞ்சு ஒன்று, அது அக்குளில் வரும் கட்டிக்கு. நடுவில் இருந்த பெரிய மாங்காயை மட்டும் ஈர மணலை மேடாக அணைத்துச் செய்தோம். மணலுக்குள் ஒரு கொட்டைப்பாக்கு.

கூட்டம் அதைச் சுற்றித்தான் நின்றது. "தொட்டுப் பாருங்க, எங்க இருக்குனு சொல்லுங்க" என்றோம். முதலில் சிரித்தார்கள், அப்புறம் குனிந்தார்கள். நர்ஸம்மாவை முன்கூட்டியே கூப்பிட்டிருந்தோம். "நுனியால குத்தாதீங்க, மூணு விரலையும் பதிச்சு வட்டமா தேய்ச்சுப் பாருங்க" என்று மணலில் செய்து காட்டினார். மாதவிலக்கு தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் பார்க்க வேண்டும், நின்றுபோனவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டே பேசியதால் கூச்சம் கொஞ்சம் விட்டுப்போனது. எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒருத்தியும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

அப்போது தெருப் பெரியவர் ஒருவர் வந்து, "கோயில் வீதியில இதெல்லாமா வரையறது?" என்று சத்தம் போட்டார். என் மாமியார் எழுந்து, "மாங்காயப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது? சொல்லுங்க கேட்போம்" என்றார். ஆள் நிற்கவில்லை. மாமியாரோடு எனக்கு ஆயிரம் இருக்கும், அந்த ஒரு கேள்விக்காக எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யலாம்.

பரிசு எங்களுக்கு இல்லை. கழுத்தில் ரோஸ் ரிப்பன் கட்டிய மயிலுக்குப் போனது. நடுவர்களில் ஒருவர்கூடக் குனிந்து பாக்கைத் தேடவில்லை. மயில் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுவே 1989-ல் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது, எங்கள் கிருஷ்ணகிரியும் அப்போது அதில்தான் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் டெங்கு என்றால் கோலம், ஓட்டு என்றால் கோலம், பிளாஸ்டிக் என்றால் கோலம். போட்டோ எடுக்கும்போது மட்டும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா".

பயன் என்ன என்று கேட்டீர்கள். கொஞ்ச நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் என் காதருகே வந்து, "அக்கா, அந்தப் பாக்கு மாதிரி எனக்கும் இருக்கு" என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சாதாரணக் கட்டி. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்று டாக்டரே சொன்னார். "ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு அலைச்சலா" என்று அவள் வீட்டுக்காரர் முணுமுணுத்தாராம். முணுமுணுக்கட்டும்.

தானே தடவிப் பார்ப்பதால் மட்டும் சாவு குறைவதாக நிரூபணம் இல்லை என்று சிலர் வருவார்கள். உண்மைதான். ஆனால் மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த நோயால் வரும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாக 2021-ல் வெளியிட்டார்கள். நம் ஊரிலும் 30 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். வீடு தேடி வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம்கூட 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஆனாலும் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு எந்தக் கிழமை எங்கே போக வேண்டும் என்று தெரியாது. அதனால் கோலத்துக்குக் கீழே பொன்மொழி எழுதாதீர்கள். நர்ஸம்மாவிடம் கேட்டு, பரிசோதனை நடக்கும் இடத்தையும் கிழமையையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். "வலி இல்லாத கட்டியையும் காட்டுங்கள்" என்று ஒரு வரி போதும்.

கடையில் உப்பில் சாயம் ஏற்றிய கலர்ப்பொடி கொடுப்பார்கள், வாங்காதீர்கள். ஈர மணல் மேல் போட்டால் அரை மணி நேரத்தில் கரைந்து மாங்காய் முழுக்க ஓடிவிடும். கல்மாவில் கலந்த பொடியாகக் கேட்டு வாங்குங்கள்.