குறைய அடித்து நிறையக் கோல்: எத்தனை நாளைக்கு?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் ஐஸ் ஹொக்கியை விடாமல் பார்ப்பவர். அவருடைய அணி இந்தப் பருவத்தின் முதல் இருபது ஆட்டங்களில் எதிரணிகளைவிடக் குறைந்த தரமே கோலை நோக்கி அடித்தும் கோல்களைக் குவித்திருக்கிறதாம். "நாங்கள் வீண் அடி அடிப்பதில்லை, தரமான அடி மட்டும்தான்" என்கிறார். இது கடைசிவரை நிலைக்குமா? எங்கள் ஊர் உதைபந்தாட்டப் பெடியளையும் அப்படிப் பழக்க நினைக்கிறேன். ஒருவன் ஆட்டத்துக்கு ஆறேழு தரம் அடித்து எல்லாவற்றையும் வெளியே விடுகிறான். அவனை ஆட்டத்தில் இறக்காமல் ஓரத்தில் இருத்திவிடலாமா?
– ஒரு பயிற்றுநர், புதுக்குடியிருப்பு

பதில்: நிலைக்காது. பழக்கவும் வேண்டாம். அந்தப் பெடியனை இருத்தவே வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹொக்கி லீக்கில் கோலை நோக்கிப் போகும் நூறு அடிகளில் ஒன்பது அல்லது பத்துத்தான் கோலாகும். முழுப் பருவமும் முடியும்போது பெரும்பாலான அணிகள் இந்த எண்ணைச் சுற்றியே நிற்கும். மச்சானின் அணி ஆட்டத்துக்கு 25 தரம் அடித்து, நூற்றுக்குப் 13 வீதம் கோலாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆட்டங்களில் 500 அடி, 65 கோல். வழமையான வீதமென்றால் 50 கோல். வித்தியாசம் பதினைந்தே கோல்கள். யாரோ ஒருவரின் காலில் பட்டுத் திரும்பியது, கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது, கோல்காப்பாளரின் பார்வை மறைந்த நேரத்தில் புகுந்தது என்று பதினைந்தும் சேர்ந்துவிடும். 32 அணிகள் ஆடும் லீக்கில் ஒரு அணிக்காவது இப்படி அமைவதில் அதிசயமில்லை. ஆனால் அந்த வீதம் பத்துக்கு இறங்கும் நாளில் அதே 25 அடி இரண்டரைக் கோலைத்தான் தரும். 32 தரம் அடிக்கும் அணிக்கோ அப்போதும் மூன்றுக்கு மேல் வரும்.

ரொறன்ரோக்காரர்களுக்கு இது தெரியாத கதை அல்ல. 2012-13 பருவம் சம்பளத் தகராற்றால் 48 ஆட்டங்களாகச் சுருங்கியது. ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி எதிரணியைவிடக் குறைவாக அடித்து, அடித்ததில் அதிகமாகக் கோலாக்கி, 2004க்குப் பிறகு முதல் தடவையாக, கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. "எங்கள் அடி தரமான அடி" என்ற பேச்சு அப்போதும் இருந்தது. பொஸ்ரன் அணியுடனான முதல் சுற்றைத் தீர்க்கும் ஏழாவது ஆட்டத்தில், கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னே நின்று, மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்றார்கள். அந்த ஓர் இரவை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஓர் ஆட்டத்தில் எதுவும் நடக்கும். அடுத்த பருவம்தான் சாட்சி. எதிரணிகள் ஆட்டத்துக்குச் சராசரியாக 36 தரம் வரை லீஃப்ஸின் கோலை நோக்கி அடித்தன. 2014 மார்ச்சில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களைத் தோற்று, 84 புள்ளிகளோடு வெளியே போனார்கள். அதே 2013-14இல் 112 புள்ளி எடுத்த கொலராடோ அணியும் அடுத்த ஆண்டு 90க்கு இறங்கி, இறுதிச் சுற்றுக்கு வரவில்லை.

மறுபக்கக் கதைதான் எனக்கு அதிகம் பிடித்தது. 2011-12இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் நன்றாக விளையாடியது, பக்கை (ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலான வட்டு) தன் வசம் வைத்திருந்தது, அடித்தது, கோல் விழவில்லை. 82 ஆட்டங்களில் 194 கோல். 30 அணிகளில் 29ஆவது இடம். நடுவில் பயிற்றுநரை மாற்றினார்கள், பெப்ரவரியில் ஜெஃப் கார்ட்டர் என்ற முன்கள வீரரை எடுத்தார்கள், அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அடிப்பதை அவர்கள் குறைக்கவில்லை. மேற்குப் பிரிவில் எட்டாவதாக, இறுதிச் சுற்றுகளுக்குக் கடைசி ஆளாக நுழைந்த அந்த அணிதான் அந்த ஆண்டு லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கியது.

மச்சான் சொல்வதிலும் நியாயம் உண்டு. கோலுக்கு முன்னால் நின்று அடிப்பதும் தூரத்துக் கோட்டிலிருந்து அடிப்பதும் ஒன்றல்ல. ஸ்டாம்கோஸ், டிரைசைட்டில் போன்ற என்.எச்.எல். வீரர்கள் ஆண்டுக்கணக்காக மற்றவர்களைவிட அதிகமாகக் கோலாக்கி வந்திருக்கிறார்கள். அப்படி இரண்டு பேர் இருந்தால் அணியின் வீதம் கொஞ்சம் உயரும். பதினொன்று ஆகலாம், பதின்மூன்றில் நிற்காது. முன்னே நிற்கும் அணி பின்வாங்கிக் காப்பதால் அடி குறைவதும் உண்டு. எனவே மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: கோல் சமமாக இருக்கும் நேரத்தில் யார் அதிகம் அடிக்கிறார்கள்? அப்போதும் எதிரணிதான் என்றால் அவர் பயப்பட வேண்டும். லீக்கில் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனையை 2025 ஏப்ரலில் முறியடித்த ஒவெச்கினின் வீதம்கூட நூற்றுக்குப் 13 அளவுதான். ஆண்டுக்காண்டு லீக்கிலேயே அதிகம் அடித்தவர்களில் ஒருவராக இருந்ததால்தான் அவருக்கு அது கைகூடியது.

இனி உங்கள் பெடியள். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கும்போது, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்றுதான் பார்க்கிறோம்; போன போகம் எத்தனை மூடை கண்டோம் என்பதை வைத்து யாரும் ஏக்கர் பிரிப்பதில்லை. அணிக்கும் அப்படித்தான்: இதுவரை எத்தனை கோல் விழுந்தது என்பதைவிட, எத்தனை தரம் அடிக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஆட்டத்துக்கு ஆறேழு தரம் அடிக்கும் இடத்துக்கு ஒரு பெடியன் வந்து சேர்கிறான் என்றால், அதுதான் உதைபந்தாட்டத்தில் மிகக் கடினமான வேலை. எங்கே ஓடுவது, எப்போது ஓடுவது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கால் வைக்கும் விதத்தை இரண்டு மாதத்தில் திருத்தலாம். அந்த ஓட்டத்தை நீங்கள் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரே அடியில் ஒரு கோல் போட்டவனுக்கு மாலை போட்டு, இவனை ஓரத்தில் உட்கார வைத்தால், மற்றவர்கள் பழகப்போவது ஒன்றுதான்: தவறவிட்டால் ஏச்சு விழும், ஆகவே அடிக்காமல் பந்தைத் தள்ளிவிடு. எங்கள் மைதானங்களில் எத்தனை ஆட்டம் இப்படியே கோலில்லாமல் முடிந்து, பெனால்டியில் தீர்ந்திருக்கிறது! அதுவும் கிறவலும் மேடுபள்ளமுமான தரையில், தாழ்வாக வரும் பந்து எங்கே எகிறும் என்று எந்தக் கோல்காப்பாளருக்கும் தெரியாது. அடிப்பதற்கு இதைவிட நல்ல தரை ஏது?

ஒரு கொப்பியைக் கோட்டோரம் வைத்துக்கொள்ளுங்கள். இரு அணியும் எத்தனை தரம் அடித்தன, பெனால்டிப் பெட்டிக்கு உள்ளிருந்தா வெளியிலிருந்தா, அப்போது கோல் நிலை என்ன என்று பத்து ஆட்டங்களுக்குக் குறிக்கச் சொல்லுங்கள். அன்று விளையாடாத பெடியன் ஒருவன் போதும். பத்து ஆட்டம் முடிந்ததும் பாருங்கள். அந்த ஆறேழு தரம் அடிக்கும் பெடியன் தூரத்திலிருந்து மட்டுமே அடிக்கிறான் என்று தெரிந்தால் இன்னும் பத்து யார் உள்ளே போய் அடிக்கப் பழக்குங்கள். பெட்டிக்குள்ளிருந்து அடித்தும் வெளியே போகிறது என்றால், வாரத்துக்கு இரண்டு மாலை, களைத்த பிறகும் அடிக்க விட்டுப் பயிற்சி கொடுங்கள். இரண்டில் எதுவானாலும் அடுத்த ஆட்டத்தின் தொடக்கப் பதினொருவரில் அவன் பெயர் இருக்கட்டும்.