ஸ்வெட்டர் போட்டதும் குளிர் விடுவது ஏன்?

மார்கழி விடியலில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடப்பவர்களுக்கு ஸ்வெட்டர் எப்படி உதவுகிறது என்பது கேள்வி.

சூடு இடம் மாறுவதை மெதுவாக்குவதுதான் வெப்பக் காப்பு. நம் உடம்பு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. அதில் தோலை ஒட்டிய காற்று சூடாகும், கடல்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். கம்பளி இழைகளின் சந்தில் சிக்கிய காற்றோ நகராது. நகராத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. நனைந்தால் அங்கே தண்ணீர் ஏறிவிடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் கடத்தும். குழந்தைகளுக்கு ஈரத் துணியை உடனே மாற்றிவிடுங்கள்.

கடலூர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டிக்கும் இதே வேலைதான், ஆனால் அது வெளிச்சூட்டை உள்ளே விடாது.

ஸ்வெட்டரே சூடு தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அறை வெப்பம் காட்டும் தெர்மாமீட்டரை அதில் சுற்றி வைத்துப் பாருங்கள், அளவு ஏறாது.