அமெரிக்காவில் கேஸ் அடுப்பிலிருந்து மின் அடுப்புக்கு மாற ரிபேட் வாங்குவது எப்படி?

முதலில் ஒன்று: பொருளை வாங்கிவிட்டு பில்லோடு போய் நிற்காதீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் முன் ஒப்புதல் வந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

2022-ல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் (Inflation Reduction Act) இந்த ரிபேட், அதாவது விலைத் தள்ளுபடித் திட்டத்துக்குப் பணம் மத்திய அரசுடையது, நடத்துவது மாநிலம். அதனால் உங்கள் மாநில எரிசக்தித் துறையின் தளத்தில் திட்டம் திறந்திருக்கிறதா, பணம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது வருமானம். உங்கள் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழ் என்றால் முழுச் செலவும், 80 முதல் 150 வரை பாதியும் கிடைக்கலாம். ஆனால் உச்சவரம்பு உண்டு: அடுப்புக்கு 840 டாலர், ஹீட் பம்ப்புக்கு (வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பயன்படும் மின்கருவி) 8,000. 1,200 டாலர் அடுப்பென்றால் இரண்டாம் பிரிவினருக்கு 600. பழைய மின் அடுப்பைத் தூக்கிவிட்டுப் புதியது வாங்குவோருக்கு இது கிடையாது.

பலரும் கோட்டை விடுவது மின் பேனலில், அதாவது வீட்டின் பிரேக்கர் பெட்டியில். கதவைத் திறந்து மெயின் பிரேக்கரில் 100 ஆம்பியர் என்றிருக்கிறதா, 200 என்றிருக்கிறதா பாருங்கள்; 100 என்றால் புதிய அடுப்புக்குப் போதாமல் போகலாம். அடுப்புக்கு மட்டுமே 40 அல்லது 50 ஆம்பியரில் 240 வோல்ட் தனி இணைப்பு வேண்டும். பேனலுக்கு 4,000, வயரிங்குக்கு 2,500 வரை தனி ரிபேட் இருக்கிறது, அதையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள்.

ஹீட் பம்ப்புக்கான மத்திய வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. பழைய வீடியோக்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இண்டக்‌ஷன் என்றால் தோசைக்கல்லில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். வார்ப்பிரும்புக்குக் கவலையில்லை, அலுமினிய குக்கர்தான் வேலைக்கு ஆகாது.