டிராக்டர் கேள்வி-பதில்: புது பேட்டரியும் இறங்கிப் போகிறதே!

கேள்வி: எங்களுடையது 1998 மாடல், 35 எச்.பி. டிராக்டர், ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) வைத்தது. காலையில் செல்ஃப் அடித்தால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. போன வருடம் போட்ட பேட்டரி அதற்குள் இறங்கிவிட்டது. ஓடும்போது சார்ஜ் லைட் எரிவதில்லை, ஆனாலும் மெக்கானிக் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
- வாசகர், துறையூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள், அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் போதும், இதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பேட்டரியை வெளியே கொடுத்து முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு அளந்தால் எந்தக் கணக்கும் சரியாக வராது. ஏற்றி ஒரு ராத்திரி சும்மா வைத்த பிறகு 12.6 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். நிற்காமல் 12-க்குக் கீழே போனால் பேட்டரியே போய்விட்டது என்று அர்த்தம். நின்றால் வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுப்போய் அதிகமாக ஏற்றுகிறது. டிஸ்டில் வாட்டர் அடிக்கடி குறைவதும் ஒரே வருடத்தில் பேட்டரி சாவதும் இதனால்கூட இருக்கலாம்.

என்ஜின் ஓடாமல் இருந்தபோது காட்டிய அதே 12.4, 12.5-தான் காட்டுகிறது என்றால் சார்ஜே ஏறவில்லை. அப்போதும் ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள், முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் வரை அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொளப்பாக இருந்தாலோ உள்பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ வழுக்கத்தான் செய்யும்.

அடுத்து சார்ஜ் லைட். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ஓடும்போது எரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, சாவி போட்டு என்ஜின் ஓடாமல் இருக்கும்போது எரிகிறதா? அப்போது எரிந்தே ஆக வேண்டும். பல பழைய ஆல்டர்னேட்டர்களில் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் உள்ளே இருக்கும் காயிலுக்கு முதல் காந்த சக்தியைக் கொடுக்கிறது. பல்பு பியூஸ் போனாலோ அதன் ஒயர் விட்டுப் போனாலோ, நல்ல ஆல்டர்னேட்டர்கூட சார்ஜ் கொடுக்கத் தொடங்காது. பத்து, இருபது ரூபாய் பல்புக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்வது மனசுக்குக் கஷ்டமான விஷயம்.

பல்பும் பெல்ட்டும் சரியா? அப்படியானால் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டிலும், பேட்டரி பிளஸ்ஸிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அங்கே 14.3, இங்கே 13 என்று வந்தால் இடையில் உள்ள ஒயரிலோ எர்த் இணைப்பிலோதான் குறை. டெர்மினலைச் சுரண்டி, எர்த் ஒயர் சேஸியில் பிடிக்கும் இடத்தைத் துரு போகத் தேய்த்து இறுக்குங்கள். இரண்டு இடத்திலும் 12 என்றால் அப்போது ஆல்டர்னேட்டரைக் கழற்றலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினாலே போதும்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி 'சார்ஜ் வருதா' என்று பார்ப்பது. ஆல்டர்னேட்டருக்கு முன்பு இருந்த டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் திடீரென்று எகிறி, உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் டயோடு போய்விடும்.

கேள்வி: எங்கள் வண்டியில் இருப்பது டைனமோவும், அதைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட் பெட்டியும். எப்படிப் பார்ப்பது?
- வாசகர், உடுமலை

பதில்: டைனமோவில் டி, எஃப் என்று இரண்டு முனை இருந்தால், இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, அதற்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வையுங்கள். என்ஜின் வேகத்தை மெதுவாக ஏற்றினால் வோல்ட் சீராக ஏற வேண்டும், 20-ஐத் தொடவிடாதீர்கள். நன்றாக ஏறினால் டைனமோ நல்லது, பெட்டியையும் ஒயரையும் பாருங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் பிரஷ்ஷில் கோளாறு, ஒரு வோல்ட் அளவில் நின்றால் ஃபீல்டு காயிலில் (காந்த சக்தி தரும் காயில்), ஐந்து பக்கம் நின்றால் ஆர்மேச்சரில் (உள்ளே சுழலும் பாகம்).