எல்லோரும் எல்லோருக்கும் போட்டியா?

கேள்வி: இந்தியக் கைபேசிச் சேவை நிறுவனங்களின் போட்டியை, நிறுவனங்கள் புள்ளிகளாகவும் உறவுகள் கோடுகளாகவும் அமையும் வலையமைப்பாக வரைந்து ஆய்வு செய்கிறேன். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்தில் (சேவை உரிமத்துக்காகப் பிரிக்கப்பட்ட பகுதியில்) இயங்கும் இரு நிறுவனங்களுக்கு இடையே கோடு போட்டதில், ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் கோட்டுக்கு எடையும் இல்லை, திசையும் இல்லை, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நிறுவனங்களை ஒரு புறமும் 22 வட்டங்களை மறுபுறமும் வைத்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதந்தோறும் வெளியிடும் சந்தாதாரர் எண்ணிக்கையை இடையிலுள்ள இணைப்புகளின் எடையாகக் கொள்ளுங்கள். பதிவான சிம்களைவிட, உண்மையில் செயல்பாட்டிலுள்ள சிம்களின் எண்ணிக்கையே நம்பத்தக்கது.

இனி, ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர்களில் எத்தனை பங்கு ஒரு வட்டத்தில் இருக்கிறார்கள் என்பதையும், அவ்வட்டச் சந்தையில் எதிராளியின் பங்கு எவ்வளவு என்பதையும் பெருக்கி, எல்லா வட்டங்களுக்கும் கூட்டினால், எதிராளி அந்நிறுவனத்துக்குத் தரும் நெருக்கடி கிடைக்கும். கற்பனை எண்களில் ஒரே வட்டத்தைப் பார்ப்போம். சிறிய நிறுவனத்தின் சந்தாதாரர்களில் 80 விழுக்காட்டினர் அங்கே இருக்க, பெரிய நிறுவனம் அச்சந்தையில் 30 விழுக்காட்டை வைத்திருந்தால், சிறியது உணரும் நெருக்கடி 0.24. பெரியதற்கோ தன் சந்தாதாரர்களில் 10 விழுக்காட்டினரே அங்கு உண்டு, சிறியதன் சந்தைப் பங்கும் 20 விழுக்காடுதான் என்றால், அது உணர்வது 0.02. ஒரே உறவு, பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. திசையற்ற கோடு இதை மறைத்துவிடும்.

கொத்தாக்கக் கெழு, அதாவது ஒரு நிறுவனத்தின் போட்டியாளர்கள் தங்களுக்குள்ளும் எந்த அளவு இணைந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண், உயர்ந்து வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஒரு வட்டத்தில் ஐந்து நிறுவனங்கள் இருந்தாலே அவற்றுக்குள் பத்துக் கோடுகள் தாமாக விழும் என்பதால், ஒவ்வொரு நிறுவனமும் இயங்கும் வட்டங்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு வட்டத்திலுள்ள நிறுவனங்களின் எண்ணிக்கையையும் மாற்றாமல் இணைப்புகளைக் கலைத்துப் போட்ட வலையமைப்புகளோடு ஒப்பிட்ட பிறகே எதையும் சொல்ல இயலும்.

பல ஆண்டுத் தரவை ஒரே படத்தில் கொட்டுவதும் தவறு. 2016 செப்டம்பரில் ஜியோ நுழைந்தது. 2018 ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்து வலையமைப்பில் ஒரே புள்ளியாயின. ஏர்செல் அதே ஆண்டு திவால் நடைமுறைக்குச் சென்றது. மாதத்துக்கொரு படமாக வரைந்தால்தான் இந்த முறிவுகள் தெரியும்.

நான் மிகவும் வலியுறுத்துவது வேறொன்று: கனமான கோடு கடும் போட்டியைத்தான் குறிக்கும் என்பதில்லை. பல வட்டங்களில் எதிர்ப்படும் இரு நிறுவனங்கள், ஓரிடத்தில் விலையைக் குறைத்தால் மற்ற இடங்களிலெல்லாம் பதிலடி விழும் என்றஞ்சி அடங்கியிருக்கவும் கூடும். ஆகவே எடைகளைக் கட்டணக் குறைப்புகளோடும், எண் மாறாமல் நிறுவனம் மாறக் கோருவோரின் வட்டவாரி எண்ணிக்கையோடும் பொருத்திப் பாருங்கள். அவை ஒத்துப்போகாத வட்டங்களிலிருந்தே உங்கள் ஆய்வைத் தொடங்கலாம்.