மினி லேத்துக்கு டான்ஜென்ஷியல் டூல் ஹோல்டர் வாங்கலாமா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டு மாடியில் ஒரு மினி லேத் (சிறிய கடைசல் இயந்திரம்) போட்டு, சின்ன நீராவி இன்ஜின் மாதிரிகள் செய்து வருகிறேன். கார்பைடு இன்செர்ட் டூலில் (கார்பைடு முனை மாட்டிய வெட்டும் கருவி) ஃபினிஷிங் சொரசொரப்பாகவே வருகிறது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டை, அதாவது வெட்டும் எஃகுத் துண்டை, கிரைண்டரில் பிடித்துக் கோணம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. பிட்டை நிமிர்த்திப் பிடிக்கும் டான்ஜென்ஷியல் ஹோல்டர் வாங்கினால் இரண்டு தலைவலியும் தீரும் என்கிறார் நண்பர். வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: வாங்கலாம். உங்களைப் போலக் கிரைண்டிங்கில் தடுமாறுபவர்களுக்கு இதைவிட நல்ல டூல் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் கார்பைடு விஷயம். மைல்டு ஸ்டீலில் கார்பைடு நன்றாக வெட்ட நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். 20 மி.மீ. ராடுக்கு அது சுமார் 1,600 ஆர்.பி.எம். அந்த வேகத்தில் ஆழமாக வெட்ட மினி லேத் மோட்டாருக்குத் தெம்பு போதாது, அதனால்தான் ஃபினிஷிங் சொரசொரக்கிறது. எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு 25 மீட்டர், அதாவது 400 ஆர்.பி.எம். போதும்.

வழக்கமான டூலில் பிட் படுத்திருக்கும். முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் என மூன்றையும் தீட்ட வேண்டும். டான்ஜென்ஷியலில் சதுர பிட் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். முன்பக்கமும் பக்கவாட்டிலும் சுமார் 12 டிகிரி சாய்ந்திருப்பதால் கிளியரன்ஸ் (வெட்டும் விளிம்புக்குக் கீழே பிட் ராடில் உரசாதபடி விடும் இடைவெளி) தானாகவே கிடைத்துவிடும். நீங்கள் தீட்டுவது மேல்முகம் ஒன்றைத்தான். அதற்கும் கோணம் பிசகாமல் பிடிக்கும் ஜிக் உண்டு: பிட்டை அதில் மாட்டி, கல்லில் லேசாக ஒற்றி எடுத்தால் முடிந்தது. கூர் முனையை எண்ணெய்க் கல்லில் இரண்டு தடவை தேய்த்துச் சிறிதே மழுக்குங்கள், ஃபினிஷிங் பளபளக்கும். டர்னிங்குக்கும் (ராடின் சுற்றுப்புறத்தைக் கடைவது) ஃபேசிங்குக்கும் (ராடின் முகத்தைச் சீவுவது) டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டைத் திருப்பவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது சென்டர் ஹைட் வைக்கும் விதம், அதாவது டூல் முனையை ராடின் மைய உயரத்துக்குக் கொண்டுவருவது. தகடு வைத்து உயர்த்தும் வேலையே இல்லை. பிட்டை மேலும் கீழும் நகர்த்தி இறுக்கினால் போதும். ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாக நசுக்கிப் பிடியுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அப்படியே ஃபேசிங் செய்தால் நடுவில் மிளகு போல ஒரு குமிழ் மிச்சம் நிற்கும்.

இந்த வகையில் ஆஸ்திரேலியாவின் எக்சென்ட்ரிக் எஞ்சினியரிங் விற்கும் 'டயமண்ட் டூல் ஹோல்டர்' பெயர் பெற்றது. வைரம் எதுவும் அதில் இல்லை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். போடுவது சாதாரண எச்.எஸ்.எஸ். பிட்தான், நம்மூர் டூல் கடைகளிலேயே கிடைக்கும்.

ஆர்டர் போடும் முன் டூல் போஸ்ட் பள்ளத்தை அளந்து, ஹோல்டரின் ஷாங்க் (பிடிக்கும் தண்டு) நுழையுமா என்று பாருங்கள். பிட் நீளமாக இருந்தால் கீழ்முனை டூல் போஸ்டுக்கு அடியில் நகரும் காம்பவுண்ட் ஸ்லைடில் இடிக்கும், அந்த இடைவெளியையும் அளக்க வேண்டும். ஜிக் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டரில் பச்சைக் கல் இருந்தால் அது கார்பைடுக்கானது, எச்.எஸ்.எஸ்.ஸுக்கு அலுமினியம் ஆக்சைடு கல் மாட்டுங்கள்.

போரிங் (துளையைப் பெரிதாக்குவது), பார்ட்டிங் (ராடை அறுத்துப் பிரிப்பது) வேலைக்கு இது ஆகாது; பழைய டூல்களை விற்றுவிடாதீர்கள். பித்தளையில் இதன் கூர்மையான கோணம் சில நேரம் டூலை ராடுக்குள் இழுத்துவிடும், கவனம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய இதே வகை ஹோல்டரில் பிட் ஆடுகிறது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் விற்றவர். என்ன செய்வது? – வாசகர், ஓசூர்

பதில்: எனக்கும் மலிவான ஹோல்டர் ஒன்று இப்படித்தான் வந்தது. பிட் உட்காரும் பள்ளம் அகலமாக வெட்டப்பட்டிருந்ததால் எவ்வளவு இறுக்கியும் ராடில் அலை அலையாகத் தடம் விழுந்தது. பிரித்துப் பார்க்காமல் இந்தக் குறை தெரியவே தெரியாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். பிட் ஆடுவதை வீடியோ எடுத்து, பில்லுடன் எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த ஹோல்டரை அரம் போட்டுத் திருத்த முயலாதீர்கள். நீங்களே கெடுத்ததாகச் சொல்லிவிடுவார்கள்.